சிங்கப்பூர் பூமலைக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு: எந்த வாசல், எந்த நேரம், எவ்வளவு செலவு

பூமலை எனப்படும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. ஆண்டின் எல்லா நாள்களிலும் காலை 5 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை திறந்திருக்கும். இவ்வளவு எளிதான இடத்துக்கு வழிகாட்டி எதற்கு என்று கேட்கலாம். 82 ஹெக்டேர் பரப்பில், வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பூங்கா அது. தவறான வாசலில், தவறான நேரத்தில் இறங்கிவிட்டால், பார்க்க வந்ததைப் பார்ப்பதற்குள் வெயிலும் களைப்பும் சேர்ந்து ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். வயதான பெற்றோரை நான் அங்கே அழைத்துச் சென்றபோது, வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் எங்களை ஆர்க்கிட் தோட்டத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த வாசலில் இறக்கிவிட்டார். நண்பகலில் அவர்கள் நடந்த நடையை எண்ணினால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேவையான செய்திகள் எல்லாம் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. அவற்றை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

வெள்ளி என்று நான் குறிப்பிடுவதெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். கட்டணங்கள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், புறப்படுவதற்கு முதல்நாள் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பூங்கா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்

சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தாவரவியல் பூங்கா. உள்ளூர்த் தமிழர்கள் நெடுங்காலமாகப் பூமலை என்று சொல்வது இதைத்தான். மற்றொன்று மரினா பே அருகில், உயரமான செயற்கை மரங்களும் கண்ணாடிக் கூடங்களும் உள்ள ‘கார்டன்ஸ் பை த பே’. இரண்டின் பெயரிலும் ‘கார்டன்ஸ்’ இருக்கிறது. அத்துடன் பழுப்பு நிறத் தடமான தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தில் இரண்டுக்குமே நிலையம் இருக்கிறது. அவசரத்தில் ஏறினால் நகரின் மறுபக்கத்தில் போய் இறங்குவீர்கள்.

ரயில் நிலையப் பலகைகளில் தமிழும் இருக்கும். தாவரவியல் பூங்கா நிலையத்தின் பெயர் தமிழில் ‘பூ மலை’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. ‘தாவரவியல்’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டு நின்றால் நிலையத்தைத் தவறவிட்டுவிடுவீர்கள். வாடகைக் காரில் போவதானால் ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். அதோடு எந்த வாசல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. ஆவணங்கள்

பூங்காவில் யாரும் உங்களிடம் ஆவணம் கேட்கப் போவதில்லை. ஆவண வேலை முழுவதும் நாட்டுக்குள் நுழைவது தொடர்பானதுதான்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் வழியாகவோ, சிங்கப்பூரில் உள்ள தகுதியான உறவினர் அல்லது நண்பர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, விசா விண்ணப்பத்துக்கான 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த அண்மைப் புகைப்படம், பயணச்சீட்டு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. முகவரின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனியாக வரும், அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். பயண நாளுக்கு முந்தைய 30 நாள்களுக்குள் விண்ணப்பிப்பது வழக்கம். கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம். மலேசிய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை.

விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவரும் ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ எனப்படும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று பார்த்தால் படிவம் ஏற்காது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இந்தப் படிவம் முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள், அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக்கொண்டு பணம் வாங்குகின்றன. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் சொந்தத் தளத்தில் அல்லது அதன் செயலியில் மட்டும் நிரப்புங்கள். பணம் கேட்டால் உடனே மூடிவிட்டு வெளியேறுங்கள்.

பூங்காவுக்குள் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அங்கே மூத்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டு என்பதால், 60 வயதைக் கடந்தவர்கள் வயதைக் காட்டும் அடையாளத்தையும் மாணவர்கள் கல்வி நிறுவன அட்டையையும் கையில் வைத்திருங்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதியுடன் இருப்பவர்கள் தங்கள் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். உள்ளூர்வாசிகளுக்குத் தனிக் கட்டணம் இருப்பதால், பணம் கட்டும் முன் அட்டையைக் காட்டிக் கேட்பது நல்லது.

3. ரயில் கட்டணத்துக்கு அட்டையைத் தயார் செய்யுங்கள்

ஒருவழிக் காகிதச் சீட்டு இப்போது எம்ஆர்டி எனப்படும் சிங்கப்பூர் நகர ரயிலில் இல்லை. தொடுமுறையில் (கான்டாக்ட்லெஸ்) இயங்கும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளை நுழைவாயிலில் நேரடியாகத் தட்டிச் செல்லலாம். அல்லது நிலையங்களிலும் சில்லறைக் கடைகளிலும் கிடைக்கும் ஈசி-லிங்க் போன்ற பயண அட்டையை வாங்கலாம். நம் ஊரில் எங்கும் செல்லுபடியாகும் யுபிஐ, ரயில் வாயிலில் வேலை செய்யாது.

இந்திய வங்கி அட்டையை நம்பிப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ரிசர்வ் வங்கியின் விதிப்படி இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கப்பட்டே இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, தொடுமுறைப் பயன்பாடு இரண்டையும் இயக்கி வையுங்கள். அங்கே போன பிறகு செய்யலாம் என்றால், ஓடிபி வர வேண்டிய இந்திய எண் ரோமிங்கில் இல்லாமல் திண்டாடுவீர்கள். இரண்டாவது, வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். மூன்றாவது, ஓர் அட்டை ஒருவருக்கு மட்டுமே. நால்வர் குடும்பம் ஒரே அட்டையைத் தட்டி உள்ளே போக முடியாது. ஏறும்போது அட்டையையும் இறங்கும்போது அதே அட்டை பதிந்த கைப்பேசியையும் தட்டினாலும், இயந்திரம் அவற்றை இரண்டு வெவ்வேறு அட்டைகளாகவே எடுத்துக்கொண்டு கட்டணத்தைக் கூட்டிவிடும்.

இதனால் குடும்பமாகச் செல்பவர்களுக்குப் பயண அட்டையே மேல் என்பது என் கருத்து. அட்டை 10 வெள்ளி. அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, திரும்பக் கிடைக்காது. மீதி 5 வெள்ளி பயணத்துக்கு. 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை, கட்டணம் செலுத்தும் பெரியவருடன் இலவசமாகப் போகலாம்.

ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீரும் இதில் அடக்கம். 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தாகம் தணித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

4. வாசலைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ரயில் நிலையம் இருக்கிறது. வடமுனையில் புக்கிட் தீமா வாசல். அதை ஒட்டியே ‘பூ மலை’ நிலையம். நீல நிற டவுன்டவுன் தடமும் ஆரஞ்சு நிற வட்டத் தடமும் அங்கே சந்திக்கின்றன. ஏ வெளிவழியில் ஏறினால் பூங்கா வாசல் எதிரிலேயே இருக்கும். தென்முனையில் டாங்லின் வாசல். அதற்குச் சில நிமிட நடைத் தூரத்தில் பழுப்புத் தடத்தின் நேப்பியர் நிலையம். 2022 இல் நேப்பியர் நிலையம் திறந்த பிறகு, ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியேறுவது எளிதாகிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் இந்த நிலையமே இருக்காது. அவற்றைப் பின்பற்றி, நடந்த வழியிலேயே திரும்பி நடக்காதீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், குளூனி சாலையில் நாசிம் வாசல் இருக்கிறது. வருகையாளர் நிலையம் அங்கேதான். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மிக அருகில் இருப்பதும் இந்த வாசல்தான். ஆனால் இதற்குப் பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது.

யாருக்கு எது பொருந்தும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நடக்கத் தயங்காதவர்கள் நேப்பியரில் இறங்கி டாங்லின் வாசல் வழியாக நுழைந்து, வடக்கே நடந்து, ‘பூ மலை’ நிலையத்தில் முடியுங்கள். காலையில் டாங்லின் பக்கத்து ஏரியும் மழைக்காடும் குளிர்ச்சியாக இருக்கும். ஆர்க்கிட் தோட்டத்தை அடையும்போது அது திறந்திருக்கும். களைத்து முடிக்கும் இடத்தில், வாசலை விட்டு வெளியே வந்த உடனே நிலையம் இருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுடன் வருகிறவர்கள் ரயிலை மறந்துவிட்டு வாடகைக் காரில் நாசிம் வாசலுக்கே செல்லுங்கள். செயலியில் இடத்தைக் குறிக்கும்போது ‘பொட்டானிக் கார்டன்ஸ்’ என்று மட்டும் குறித்தால், கார் எந்த வாசலுக்கு வேண்டுமானாலும் போகும். ‘நாசிம் கேட்’ என்று தேர்ந்தெடுத்து, ஏறியவுடன் ஓட்டுநரிடமும் ஒருமுறை சொல்லுங்கள். சிறு குழந்தைகளுக்காகவே வருகிறவர்கள் புக்கிட் தீமா வாசலில் நுழையுங்கள். அதற்கான காரணத்தை எட்டாம் பகுதியில் சொல்கிறேன்.

5. எங்கிருந்து எப்படி

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களுக்குப் பயணம் மிகச் சுருக்கம். நீலத் தடத்தில் புக்கிட் பாஞ்சாங் திசையில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ், அடுத்தது ‘பூ மலை’; மூன்றாவது நிறுத்தம். டாங்லின் பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீவன்ஸில் இறங்கி, பழுப்புத் தடத்துக்கு மாறி, ஒரே நிறுத்தத்தில் நேப்பியர். இரண்டு நிறங்களையும் பார்த்துக்கொண்டு பலகைகளைப் பின்தொடர்ந்தால் குழப்பம் வராது. கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை வெள்ளி.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்கள், அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி நீலத் தடத்துக்கு மாறி, அப்படியே உட்கார்ந்து வரலாம். நிறுத்தங்கள் அதிகம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டிகளுடன் வர வேண்டாம். தங்கும் இடத்தில் வைத்துவிட்டு வருவதே அறிவுடைமை.

ஜூரோங், பூன் லே பக்கம் வேலை பார்க்கும் நண்பர்கள் பச்சைத் தடத்தில் பொன விஸ்தா வந்து, வட்டத் தடத்துக்கு மாறினால் ஹாலந்து வில்லேஜ், ஃபேரர் ரோடு, அடுத்து ‘பூ மலை’. உட்லண்ட்ஸில் இருப்பவர்களுக்கும், ஜோகூர் பாருவிலிருந்து அந்த வழியாக வருபவர்களுக்கும் பழுப்புத் தடம் மாறாமலேயே நேப்பியர் வரை வரும். ஆர்ச்சர்ட் சாலையில் தங்கியிருப்பவர்களுக்கு நேப்பியர் இரண்டாவது நிறுத்தம்.

பூங்கா காலை 5 மணிக்கே திறந்தாலும், முதல் ரயில்கள் ஐந்தரை மணிக்குப் பிறகே ஓடத் தொடங்கும். ஐந்து மணிக்கே வர விரும்புபவர்களுக்கு வாடகைக் கார் மட்டுமே வழி. வேலை நாள்களில் ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை ரயிலில் கூட்டம் நெரியும். குழந்தைத் தள்ளுவண்டியுடன் அந்த நேரத்தில் ஏறுவது சிரமம்.

6. நாளையும் நேரத்தையும் தீர்மானியுங்கள்

சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதித்து ஏழு மணிக்கு மறையும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். அங்கே காலை ஏழு என்றால் உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை நாலரை. வந்திறங்கிய மறுநாளே அதிகாலைத் திட்டம் போட்டால் பெரும்பாலும் எழுந்திருக்க முடியாமல் போகும், பத்து மணிக்குத் தொடங்கி உச்சி வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். பூமலையைப் பயணத்தின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழேகாலுக்கு டாங்லின் வாசல், எட்டரைக்கு ஆர்க்கிட் தோட்டம், பதினொன்றரைக்குள் வெளியே. இதுவே நான் பரிந்துரைக்கும் நேரம். காலையில் முடியாதவர்கள் மாலை நான்கு மணிக்கு நாசிம் வாசலில் நுழைந்து, ஆர்க்கிட் தோட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். ஆர்க்கிட் தோட்டம் ஏழு மணி வரை திறந்திருக்கும் என்றாலும், கடைசி நுழைவு ஆறு மணிக்கே. ஆறேகாலுக்குப் போய் நின்று பயனில்லை.

குழந்தைகள் தோட்டம் திங்கட்கிழமை மூடியிருக்கும். மூலிகைகள் நிறைந்த ‘ஹீலிங் கார்டன்’ செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இரண்டையும் பார்க்க விரும்புபவர்கள் புதன் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சனி, ஞாயிறு காலைகளில் உள்ளூர் மக்கள் நடைப்பயிற்சிக்கும் குடும்பத்தோடு புல்வெளியில் உட்காரவும் திரளாக வருவார்கள்.

மழை எந்த மாதமும் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை நேரத்தை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இடி இடிக்கத் தொடங்கினால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். அருகிலுள்ள கூரையுள்ள கூடத்துக்குப் போய்விடுங்கள். அங்குள்ள மரங்கள் மிகப் பெரியவை, மிகப் பழையவை. 2017 பிப்ரவரியில் பூங்காவின் பனைப் பள்ளத்தாக்கு அருகே மாபெரும் டெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். அச்சப்பட வேண்டியதில்லை, பலத்த காற்றிலும் மழையிலும் மரங்களிடமிருந்து விலகி நின்றால் போதும்.

7. தெற்கிலிருந்து வடக்கே நடக்கும் வழி

டாங்லின் வாசலில் நுழைந்தால் சற்று தூரத்தில் அன்ன ஏரி. வெள்ளை அன்னங்கள் கரைக்கு அருகிலேயே வரும். தீனி போடக் கூடாது. அங்கிருந்து மெல்ல ஏறினால் எண்கோண வடிவில் பழைய வாத்திய மண்டபம்.

டாங்லின் பகுதியின் புல்வெளி ஒன்றில் நிற்கும் டெம்புசு மரத்தை மட்டும் தேடிப் பாருங்கள். பச்சை நிற 5 வெள்ளித் தாளைக் கையில் எடுத்துப் பின்புறத்தைத் திருப்பினால், அதில் இருப்பது இந்த மரம்தான். அடிமரத்திலிருந்து ஒரு கிளை, மேலே போகாமல், தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீண்டு கிடக்கிறது. அதன் பாரத்தைத் தாங்க முட்டு கொடுத்திருக்கிறார்கள். பட்டை முழுதும் ஆழமான வெடிப்புகள். முன்பெல்லாம் குழந்தைகள் அந்தக் கிளையில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது சுற்றி வேலி இருக்கிறது. வேலியைத் தாண்டாமல், தாளை மரத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கிளையின் வளைவு அப்படியே பொருந்தும்.

அடுத்தது மழைக்காடு. ஆறு ஹெக்டேர் அளவுள்ள இந்தக் காடு பூங்கா உருவாவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பது. நகரத்தின் நடுவே இப்படியொரு காட்டை விட்டுவைத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. உள்ளே நுழைந்த பத்தடியில் வெயில் மறைந்து, ஈர இலை வாசனை எழும். கொசுக்கடிக்கு மருந்து பூசிக்கொண்டு செல்லுங்கள். சிங்கப்பூரில் டெங்கு உண்டு.

காட்டைக் கடந்தால் இஞ்சித் தோட்டமும் அதற்குப் பக்கத்தில் தேசிய ஆர்க்கிட் தோட்டமும். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய ஒரே இடம் இது. வெளிநாட்டுப் பயணிகளில் பெரியவருக்கு 15 வெள்ளி. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் 3 வெள்ளி. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்களும் இங்கே வளர்கின்றன. சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமும் வெளிநாட்டுத் தலைவர்களின் பெயர் சூட்டப்பட்ட ஆர்க்கிட்டுகளும் பலரும் தேடுபவை. மலைப்பகுதி ஆர்க்கிட்டுகளுக்கான குளிர்கூடத்தைத் தவறவிடாதீர்கள். வெளியே வியர்த்துக் கொட்டிக்கொண்டு கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியும் கைப்பேசிக் கேமராவும் ஒருசேர மங்கிப்போகும். பாசி படர்ந்த பாறைகளின் மீது, சுண்டுவிரல் நகம் அளவேயுள்ள பூக்கள் பனிமூட்டத்துக்குள் இருந்து மெல்லத் தெரியவரும். அவசரப்படாதீர்கள், பெரிய பூக்களைவிட இவை கண்ணில் பட நேரமெடுக்கும். ஒன்றரை மணி நேரம் இந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஒதுக்கலாம். செலவு யோசித்து உள்ளே போகாமல் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்தப் பூங்காவும் இலவசமாகக் கிடைக்கும்போது இந்தப் பதினைந்து வெள்ளி தகும் என்பேன்.

அதன் பிறகு பனைப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினால் சிம்பொனி ஏரி. ஏரியின் நடுவிலுள்ள மேடையில் சில வார இறுதிகளில் இலவச இசை நிகழ்ச்சி நடக்கும். எஞ்சிய வடபகுதி வழியாகப் புக்கிட் தீமா வாசல் வரை போவது நிதானமான நடை.

8. குழந்தைகளுடன் வருகிறவர்களுக்கு

புக்கிட் தீமா பக்கத்தில் ஜேக்கப் பாலஸ் குழந்தைகள் தோட்டம் இருக்கிறது. 14 வயது வரையுள்ளவர்களுக்கானது, நுழைவு இலவசம், காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை, கடைசி நுழைவு ஆறரை மணிக்கு. குழந்தை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் உள்ளே போக முடியாது. எனவே குழந்தை அப்பாவுடன் ஆர்க்கிட் தோட்டத்தில் இருக்க, அம்மாவும் பாட்டியும் முன்னால் போய்க் காத்திருக்கலாம் என்ற திட்டம் வாசலிலேயே நின்றுவிடும். தண்ணீர் விளையாட்டுப் பகுதி இருப்பதால் மாற்றுடை கட்டாயம். ஆர்க்கிட் தோட்டத்தில் சலித்துப்போகும் வயதுக் குழந்தையென்றால் இங்கேயே காலையைத் தொடங்கிவிட்டு, பிறகு பெரியவர்கள் விரும்பும் இடங்களுக்குப் போவது எல்லோருக்கும் நிம்மதி.

9. செய்யக் கூடாதவை

பூப்பறிக்கக் கூடாது, கிளை ஒடிக்கக் கூடாது. கோயிலுக்கு இரண்டு பூ என்றாலும் கூடாது. பூங்கா முழுவதும் புகைபிடிக்கத் தடை. புகையிலைப் பாக்கை ஊரிலிருந்து கொண்டுவரவே வேண்டாம். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. டிரோன் பறக்கவிட அனுமதி வேண்டும்.

விலங்குகளுக்கு உணவு கொடுப்பது தனிக் குற்றம்; முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதையில் காட்டுக்கோழிகள் குஞ்சுகளோடு மேயும், ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு நீருடும்பு படுத்திருக்கும். இரண்டும் தம் வழியே போய்விடும். நீர்நாய்க் கூட்டத்தைப் பார்த்தால் மட்டும் நன்றாகத் தள்ளி நில்லுங்கள். குட்டிகளோடு இருக்கும்போது அவை தாக்கும். 2021 இல் அதிகாலை நடைக்கு வந்த ஒருவரை இதே பூங்காவில் கடித்துக் காயப்படுத்தியிருக்கின்றன.

10. உணவும் மொத்தச் செலவும்

பூங்காவுக்குள் உணவகங்கள் உண்டு, ஆனால் பட்டியலில் காணும் விலையோடு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும் இடங்கள் பல. புல்வெளியில் அமர்ந்து சாப்பிட அனுமதி இருப்பதால், லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டிய உணவுக் கடைகளில் காலையிலேயே இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வருவது எளிது. குப்பையைத் தொட்டியில் போடுங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து வந்தால் தண்ணீருக்குச் செலவில்லை.

இரண்டு பெரியவர்கள், 65 வயதுப் பாட்டி ஒருவர், ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று எனக் கணக்கிட்டால், ஆர்க்கிட் தோட்டத்துக்கு 33 வெள்ளி. தேக்காவிலிருந்து போய்வர ரயிலுக்கு நால்வருக்கும் சேர்த்து ஏறக்குறைய 12 வெள்ளி. ஆர்க்கிட் தோட்டம் வேண்டாமென்றால் ரயில் கட்டணம் மட்டுமே. சுற்றுலா முகவர்கள் சிலர் ‘பொட்டானிக் கார்டன்ஸ் நுழைவு’ என்று தனியாக ஒரு தொகையைத் தொகுப்புப் பயணத்தில் சேர்ப்பார்கள். அது ஆர்க்கிட் தோட்டச் சீட்டா, வாகனச் செலவா என்று எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் அந்தத் தொகையை நீக்கச் சொல்லிவிட்டு, மேலே சொன்ன ரயிலில் நீங்களே போய்வாருங்கள்.